முதல் சால் மகளுக்கு

திருவண்ணாமலையில் நான் செய்த முதல் காரியம் செருப்பைத் தொலைத்தது. கிழக்குக் கோபுர வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன், திரும்பி வந்து பார்த்தால் காணோம். இரண்டாவது காரியம் அதைவிட மோசம். போனால் போகட்டும், மலையை எப்படியும் வெறுங்காலோடுதானே சுற்ற வேண்டும் என்று வீம்பு பிடித்து, பகல் பதினோரு மணிக்கு நடக்க ஆரம்பித்தேன். ஆனி மாதத்து வெயில். முதல் மைலில் பக்தி இருந்தது. மூன்றாவது மைலில் சூடு மட்டும்தான் இருந்தது.

பக்திக்காக வந்தவளும் இல்லை நான். மலேசியாவில் சிரம்பான் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திர ஆசிரியை. எண்பதுகளின் தொடக்கம் அது. நாற்பது வயதை நெருங்கும்போது எனக்கு மேல்படிப்பு ஆசை வந்துவிட்டது. ஆதி காலத்தில் பெண்கள்தான் ஆண்டார்களா என்பது நான் எடுத்துக்கொண்ட தலைப்பு. அறிஞர்கள் இதற்காக வெகுகாலமாக அடித்துக்கொள்கிறார்கள். ஆமாம், முதலில் தாய்தான் குடும்பத்துக்குத் தலை, நிலமும் வீடும் தாய் வழியாகத்தான் வந்தன, ஆண்கள் பிறகு பிடுங்கிக்கொண்டார்கள் என்கிறது ஒரு கட்சி. அதெல்லாம் வெறும் கற்பனை, அப்படி ஒரு காலம் இருந்ததே கிடையாது என்கிறது இன்னொரு கட்சி. நான் எந்தக் கட்சி என்று சொல்லவே வேண்டாம்.

என்னை அந்தக் கட்சியில் சேர்த்துவிட்டது எங்கள் பக்கத்து வீட்டு ரொகாயா அக்கா. எங்கள் மாநிலத்து மலாய்க்காரர்களில் பல குடும்பங்களில் வீடும் வயலும் தாயிடமிருந்து மகளுக்குத்தான் போகும். ரொகாயா அக்காவின் வீட்டுக்காரர் ஒரே ஒரு பெட்டியோடு அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்ததை நான் சின்ன வயதில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலோ என் அக்காமார் மூன்று பேரும் பெட்டியோடு வெளியே போனார்கள். ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் இரண்டு உலகம் எப்படி இருக்க முடியும் என்று அன்றைக்கு வந்த கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

என் பேராசிரியர் எச்சரித்துத்தான் அனுப்பினார். "அம்மன் சிலைகளைப் படம் பிடித்துக்கொண்டு வந்து நீட்டாதே. சாமி என்று கும்பிடுவது வேறு, வீட்டுச் சாவியைக் கையில் கொடுப்பது வேறு. வயலில் போய் யார் கையில் என்ன இருக்கிறதென்று பார்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு நேரே அம்மன் பாதி உடம்பை வாங்கிய ஊருக்கே வந்து இறங்கினேன். சாமியே பாதி கொடுத்த ஊரில் மனிதர்கள் கால்வாசியாவது கொடுத்திருப்பார்கள் என்பது என் கணக்கு.

ஐந்தாவது மைல் தாண்டி அடி அண்ணாமலை வந்தபோது என் கால் என்னுடையதாகவே இல்லை. பாதையோரம் ஒரு கீற்றுக் கொட்டகைக் கடை. பானையில் மோர், கண்ணாடிப் பெட்டிக்குள் பன், ஒரு முறத்தில் அவித்த நிலக்கடலை. கடைக்காரப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை என் காலில் ஊற்றினாள்.

"இன்னாங்க இது, பௌர்ணமி கூட இல்ல. இந்த வெயில்ல யாராச்சும் சுத்துவாங்களா? உங்க ஊர்ல ரோடு சுடாதுங்களா?"

"சுடும்மா. ஆனா அங்க நான் இவ்ளோ மடத்தனமா நடக்க மாட்டேன்" என்றேன்.

சிரித்தாள். பெயர் பச்சையம்மா. உள்ளே டீ ஆற்றிக்கொண்டிருந்தது அவள் கணவன். பௌர்ணமிக்குப் பௌர்ணமிதான் வியாபாரம், மற்ற நாளில் ஈ ஓட்டுகிறோம் என்று அவளே சொன்னாள். தன் ரப்பர் செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளினாள். வேண்டாம் என்று மரியாதைக்குக் கூட நான் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் கச்சான் என்போம், இங்கே மல்லாட்டை. பெயர் எதுவானால் என்ன, நான் அரை முறம் காலி செய்தேன். "நல்லா இருக்குதுங்களா? எங்கண்ணன் கொல்லையில வெளைஞ்சது. நான் போட்ட வெத" என்றாள் பச்சையம்மா.

"நீங்க எதுக்கு அங்க போய் விதைச்சீங்க? ஆள் கிடைக்கலையா?"

"ஆளெல்லாம் ஜாஸ்தியா இருக்காங்க. ஆனா மொத சால் நான்தாங்க போடணும். அந்த வூட்ல பொறந்த பொண்ணு கையால போட்டாதான் ஏரு ரெண்டாவது சாலுக்குத் திரும்பும். நான் போவாம எங்கண்ணன் மாட்டப் பூட்டவே மாட்டாரு. மழ வந்துடுச்சு இல்ல, நாளான்னிக்குப் போறேன்."

கொல்லை என்று இங்கே சொல்வது மழையை நம்பிய மேட்டு நிலத்தை. அதில் கலப்பை கிழித்துக்கொண்டு போகும் கோடுதான் சால். அதன் பின்னாலேயே நடந்து ஒவ்வொரு பருப்பாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆண்கள் வேட்டைக்குப் போன காலத்தில் காட்டில் விதை பொறுக்கிய பெண்கள்தான் உழவையே கண்டுபிடித்தார்கள் என்பது எங்கள் கட்சியின் பெரிய வாதம். ஒரு மோர்ப்பானைக்குப் பின்னால் அதற்குச் சாட்சி நின்றுகொண்டிருக்கிறது. நோட்டுப் புத்தகத்தைத் தேடுகிற அவசரத்தில் மோரைக் கவிழ்த்துக்கொண்டேன்.

"மருமகள் போடக் கூடாதா?" என்று கேட்டேன்.

"எங்கண்ணி அவங்க பொறந்த வூட்ல போடணும். எங்க வூட்டுக்கு நான்."

இதே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டேன். மூன்று முறையும் அதே பதில் வந்தது. கடைசியில் அவளே, "இவ்ளோ ஆசையா இருந்தா கூட வந்து பாருங்களேன் டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டாள். அந்தக் கணம் என்னைக் கேட்டிருந்தால் அந்தக் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்திருப்பேன்.

மறுநாள் கால் கொப்புளத்தை ஆற்றிக்கொண்டு ஊருக்குள் இருந்தேன். தேரடித் தெருப் பக்கம் ஒரு மெஸ்ஸில் பொங்கலும் வடையும். எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் இட்டலியை நாலு கொத்தாகக் கொத்திச் சாம்பாரில் முக்கித் தருவார்கள். இங்கே இட்டலியை வைத்துவிட்டு நாம் முதல் வாய் போடுகிறவரை பரிமாறுகிறவர் நின்று முகத்தைப் பார்க்கிறார். காபி மட்டும் தித்திப்பு. பாலும் சர்க்கரையும் இல்லாமல் கேட்டேன், ஏதோ துக்க வீட்டிலிருந்து வந்தவளைப் போல இரக்கத்தோடு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

எதிர் மேசையில் இரண்டு பேர். சாமி அம்மனுக்குப் பாதி உடம்பு கொடுத்த கதையை வெளியூர்க்காரர் ஒருவருக்கு உள்ளூர்க்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். "பாதி குடுத்துட்டாரு. அப்புறம் வூட்ல யாரு பேச்ச யாரு கேக்கறதுனு தெரியல. அதான் பேசாம மலையா நின்னுட்டாரு" என்று முடித்தார். நான் பொங்கலைத் துப்பிவிட்டேன். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன், எந்தத் தலைப்பின் கீழ் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று.

மூன்றாம் நாள் காலையில் பச்சையம்மாவோடு பஸ் ஏறினேன். செங்கம் சாலையில் போய் உள்ளே திரும்பும் ஓர் ஊர். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன், அந்தக் குடும்பத்தின் விஷயம் அது. பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. ஓட்டுநர் இரண்டு முறை உறுமவிட்டுப் பார்த்தார், மூன்றாவது முறை அது உறுமக் கூட இல்லை. "ஆம்பளைங்கல்லாம் எறங்கித் தள்ளுங்க" என்றார் கண்டக்டர்.

இறங்கிய ஆண்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆலோசனை மட்டும் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. நானும் இறங்கிக் கையை வைத்தேன். பின்னாலேயே பச்சையம்மா, அவளுக்குப் பின்னால் காய்கறிக் கூடைக்காரிகள் நான்கு பேர். பஸ் நகர்ந்தது. ஓடிப்போய் ஏறியபோது ரப்பர் செருப்பின் வார் பிய்ந்துவிட்டது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஏன்மா, நான் ஆம்பளைங்கனுதானே சொன்னேன்" என்றார். "வண்டிக்கு அது தெரியலையே" என்றேன். கூடைக்காரிகள் இறங்கும் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பச்சையம்மாவின் அண்ணன் ஏழுமலை மெலிந்த மனிதர், நிறைய மரியாதை. அவருடைய மனைவி அஞ்சலை ஒரு வார்த்தை பேசுவதற்குள் நாலு வேலை செய்கிறவள். கூடத்தில் விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். நான் களியை மென்றேன். மெல்ல மெல்ல அது வாயிலேயே வளர்ந்தது. அஞ்சலை தாங்க முடியாமல், "மெல்லாதீங்க டீச்சரம்மா, குழம்புல தொட்டு அப்படியே முழுங்குங்க" என்றாள். அன்று அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

பேசியதெல்லாம் நான்தான். சாப்பிட்ட கை காய்வதற்குள் ஏழுமலையிடம் ஆரம்பித்துவிட்டேன். உங்கள் வீட்டு வழக்கம் சாதாரண வழக்கமில்லை, ஆயிரமாயிரம் வருடப் பழசு, பெண்தான் உழவைக் கண்டுபிடித்தாள் என்றேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. ரொகாயா அக்காவின் வீட்டைப் பற்றிச் சொன்னேன், அவள் புருஷன் ஒற்றைப் பெட்டியோடு வந்ததைச் சொன்னேன். முத்தாய்ப்பாக இதையும் சொன்னேன்: "உங்க கொல்லையும் ஒரு காலத்துல அம்மாகிட்டேருந்து மகளுக்குத்தான் போயிருக்கணும். அந்த உரிமையில மிச்சம் இருக்கறதுதான் இந்த முதல் சால். நிலம் போயிடுச்சு, விதை மட்டும் மகள் கையில நின்னுடுச்சு."

ஏழுமலை கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"இது புஸ்தகத்துல போட்டிருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இனிமேல் நான்தான் எழுதப் போறேன்" என்றேன் பெருமையாக.

"எழுதினா கோர்ட்டுல செல்லுமாங்க?"

அந்த இடத்திலாவது என் புத்தி விழித்திருக்க வேண்டும். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அஞ்சலை மல்லாட்டை உடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பச்சையம்மா தலையைக் குனிந்துகொண்டு முன்பைவிட வேகமாக உடைத்தாள்.

நான்காம் நாள் காலையில் ஏர் பூட்டுவார்கள் என்று காமிராவைத் துடைத்துக்கொண்டு நின்றேன். ஏழுமலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "இன்னிக்கு நாள் சரியில்ல. டவுன் வரைக்கும் போயிட்டு வந்துடலாம், கெளம்பு" என்று தங்கையிடம் சொன்னார். நாள் பார்த்துத்தான் அவளை வரச் சொல்லியிருந்தார்கள். ஒரே ராத்திரியில் நாள் எப்படிக் கெட்டது என்று எனக்குப் புரியவில்லை.

ஏழுமலையும் அஞ்சலையும் முன்னே போக, பஸ்ஸுக்கு நடக்கும்போது பச்சையம்மா எனக்குப் புரியவைத்தாள். அப்பா இறந்து இரண்டு வருடமாகிறது. எனக்குச் சொத்தில் பங்கு வேண்டாம் என்று கூடப்பிறந்த பெண்கள் அண்ணன் தம்பிக்கு எழுதிக்கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம், அதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். ஏழுமலை அதை எழுதி வைத்திருந்தாரே தவிர, போகட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். அந்தப் பிறகு இன்றைக்கு வந்துவிட்டது.

"நேத்து நீங்க பேசினதுல அவருக்கு பயம் வந்துடுச்சு. என் வூட்டுக்காரர்தான் உங்களக் கூட்டியாந்து பேசச் சொன்னாருனு நெனைக்கறாரு" என்றாள்.

"நிலம் வேணும்னு உங்களுக்கு ஆசை இருக்கா?" என்று கேட்டேன்.

"நெலத்த நான் இன்னாங்க பண்ணப் போறேன்? எங்கண்ணன் உழுவறாரு, அவரே வெச்சுக்கட்டும். ஆனா கையெழுத்து போட்டுட்டா நான் அந்த வூட்டுக்கு விருந்தாளி. கூப்புட்டா போவணும், கூப்புடலனா இல்ல. இப்ப அப்படி இல்லைங்க. ஏரு எனக்காகக் காத்துகினு நிக்குது. வருஷத்துல ஒரு நாளுதான். அந்த ஒரு நாளுக்காவ மிச்ச நாளெல்லாம் தைரியமா இருக்கேன்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "நீங்க சொன்னது நல்ல கதைங்க. எனக்குக் கேக்க ஆசையாதான் இருந்துச்சு. ஆனா அவரு காதுல சொல்லியிருக்க வேணாம்" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் தேவலை. ஏழுமலையிடம் ஓடினேன். நான் சொன்னது சரித்திரம், சட்டமில்லை, யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள் என்று மன்றாடினேன். "சரித்திரம்னு ஆரம்பிச்சுதாங்க கேசு போடறாங்க" என்றார் அவர், கோபமே இல்லாமல்.

டவுனில் முதலில் ஜவுளிக் கடைக்குப் போனோம். கையெழுத்துப் போடும் தங்கைக்குப் புடவையும் மஞ்சள் குங்குமமும் தர வேண்டும். ஏழுமலை அரக்குக் கலரில் ஒன்று எடுத்தார், மலிவானதை எடுக்கவில்லை, பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தார். அங்கிருந்து ரிஜிஸ்டர் ஆபீஸ். எதிரே புளியமரத்தடியில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். "ரெண்டு வருஷம் கழிச்சு இப்பதான் கூட்டியாந்தியா" என்று ஏழுமலையைக் கேட்டுவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரத்தை உரக்கப் படித்தார். மேற்படி சொத்தில் இனிமேல் எனக்கு எந்தவித பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது என்று அதில் வந்தது.

"எந்தவித பாத்தியமும்னா இன்னாங்க? வெத போடறது கூடவா?" என்று பச்சையம்மா கேட்டாள்.

"எல்லாம் சேத்துதாம்மா" என்றார் அவர்.

"அப்ப நாளைக்கு யாருண்ணா போடறது?"

"நீதான் போடணும். வேற யாரு?" என்றார் ஏழுமலை.

"எனக்கு ஒண்ணும் கிடையாதுனு எழுதியிருக்கே."

ஏழுமலை பத்திரம் எழுதுகிறவரைப் பார்த்தார். "வெத போடறது மட்டும் இவளுக்கு உண்டுன்னு ஓரமா ஒரு வரி சேத்துடுங்களேன்" என்றார். என் பேராசிரியர் அந்த மரத்தடியில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். முத்திரைத்தாளில் முதல் சாலுக்கு ஒரு வரி எழுதச் சொல்லி ஓர் ஆணே கேட்கிறார்.

எழுதுகிறவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "ஒண்ணுமே இல்லைனு எழுதிட்டு, அடியில ஒண்ணு இருக்குதுன்னு எப்படிய்யா எழுதறது? ஆபீசர் தூக்கி மூஞ்சில போடுவாரு. ஒண்ணு இருக்கணும், இல்ல இல்லாம இருக்கணும்."

"அப்படினா அண்ணி போடட்டும்" என்றாள் பச்சையம்மா மெதுவாக.

அதுவரை ஜவுளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அஞ்சலை, "நான் இந்த வூட்டுப் பொண்ணு இல்ல" என்றாள். பிறகு பையிலிருந்து அந்தப் புடவையை எடுத்து முந்தானையைத் தடவிப் பார்த்தாள். "எங்க பொறந்த வூட்ல எனக்கும் இப்படித்தான் ஒண்ணு எடுத்துக் குடுத்தாங்க. கண்ணாலம் ஆயி மூணாவது மாசம் கூட்டிகினு போயி கைநாட்டு வாங்கினாங்க. அந்தப் புடவ எப்பவோ கிழிஞ்சிடுச்சு."

ஏழுமலைக்கு இது தெரியாத விஷயமில்லை. ஆனாலும் அவர் முதல் முறை கேட்பவர்போல அவளையே பார்த்தார்.

"அந்த வருஷத்துலேருந்து எங்கண்ணன் என்னை வெதைக்குக் கூப்புடல. அண்ணன் பொண்டாட்டிதான் மொத சால் போடறா" என்றாள் அஞ்சலை.

"அப்ப வெளையலையா?" என்று நான் கேட்டுவிட்டேன். என் கட்சிக்கு அந்தப் பதில் தேவைப்பட்டது.

"வெளையாம இன்னாங்க? நல்லாதான் வெளையுது. யாரு போட்டா மல்லாட்டைக்கு இன்னா தெரியும்? எனக்குத்தான் போறதுக்கு எடமில்ல." புடவையை மடித்துப் பைக்குள் திரும்ப வைத்தாள். பிறகு புருஷனிடம், "ஈரம் காஞ்சிடும். எந்திரிங்க, போலாம்" என்றாள்.

ஏழுமலை உட்கார்ந்தே இருந்தார். எழுதுகிறவர் பேனாவை நீட்டினார். ஏழுமலை தங்கையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், என் பக்கம் பார்ப்பதை மட்டும் தவிர்த்தார். "இருக்கட்டுங்க. அப்பறம் பாத்துக்கலாம்" என்று பத்திரத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கிழிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அரக்குப் புடவையை அங்கேயே தங்கையிடம் கொடுத்துவிட்டார். "இது எதுக்குண்ணா இப்ப?" என்றாள் அவள். "நாளைக்குக் கட்டிக்க" என்றார்.

ஐந்தாம் நாள் விடிந்தவுடனே ஏர் பூட்டினார்கள். மண் நல்ல ஈரம், கால் வைத்த இடமெல்லாம் பதிந்தது. பச்சையம்மா அரக்குப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மடியில் விதையைக் கட்டிக்கொண்டாள். கொல்லை மூலையில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டாள். ஏழுமலை மேழியைப் பிடித்துக்கொண்டு, தங்கை வந்து பின்னால் நிற்கும் வரை மாட்டை ஓட்டாமல் நின்றார். அவள் "உம்" என்றாள். அதற்குப் பிறகுதான் மாடு நகர்ந்தது.

அந்த "உம்" எனக்குப் போதும் என்று தோன்றியது. படம் எடுக்க மறந்து நின்றேன். இது ஆதி காலத்தின் மிச்சமா, நேற்று வந்த பழக்கமா, என்னால் நிரூபிக்க முடியாது. பெண் ஆண்டதற்குச் சாட்சி என்று எழுதினால் என் பேராசிரியர் சிவப்பு மையால் அடிப்பார், அடிக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு பெண் "உம்" சொல்வதற்காக ஓர் ஏர் காத்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்தாவது சாலில் என்னையும் போடச் சொன்னார்கள். ஓர் இடத்தில் மூன்று பருப்பு, அடுத்த பத்து அடிக்கு ஒன்றுமில்லை. ஏழுமலை ஏரை நிறுத்தி, "டீச்சரம்மா, மாடே திரும்பிப் பாக்குது" என்றார். அவர் என்னோடு சகஜமாகப் பேசியது அப்போதுதான், எனக்கு உயிர் வந்தது.

வரப்பில் நின்ற அஞ்சலை கூலிப் பெண்களுக்கு விதை அளந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். முதல் சால் ஓடி முடியும் வரை அவள் கை அளக்கவில்லை என்பதைப் பார்த்தேன். என்ன நினைக்கிறாள் என்று கேட்க வாய் வரை வந்தது. முந்தாநாள் பேசிய பேச்சே போதும் என்று அடக்கிக்கொண்டேன்.

ஆறாம் நாள் எனக்கு மெட்ராஸ் பஸ். ஏழுமலையும் அஞ்சலையும் திருவண்ணாமலை பஸ் நிலையம் வரை வந்தார்கள். வழியனுப்பத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். நான் ஏறி உட்கார்ந்ததும் அஞ்சலையும் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு துணி மூட்டை. ஏழுமலை கீழே நின்று கண்டக்டரிடம், "இவங்கள கீழ்பென்னாத்தூர்ல எறக்கி வுடுங்க" என்று சொன்னார். மனைவியிடம், "சாயங்கால பஸ்ஸுக்கு வந்து நிக்கறேன்" என்றார்.

பஸ் ஊரைத் தாண்டும் வரை அவள் மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "டீச்சரம்மா, போட்ட கைநாட்ட திருப்பி வாங்க முடியுமா?" என்று கேட்டாள்.

தாய் வழிச் சமூகம் பற்றி மூன்று நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருந்த எனக்கு அது தெரியவில்லை. "தெரியலம்மா" என்றேன்.

"தெரியாதுனு சொன்னீங்களே, அதுவே பரவால்ல" என்றாள்.

மூட்டையில் என்ன என்று கேட்டேன். அவள் முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். உடைத்த மல்லாட்டைப் பருப்பு, அவள் கையாலேயே பொறுக்கியெடுத்தது, ஒரு சொத்தை கூட இல்லை. "எங்க ஊருக்காரங்க சந்தையில சொன்னாங்க, இன்னிக்கு எங்கண்ணன் ஏர் பூட்டறாராம். என்னைக் கூப்புடல. நான் போயி நிக்கப் போறேன்."

"முதல் சால் இந்நேரம் போயிருக்குமே?" என்றேன்.

"போயிருக்கும். ஏரு இன்னும் ஓடிகினுதானே இருக்கும்" என்றாள்.

கீழ்பென்னாத்தூரில் பஸ் நின்றது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெட்ராஸாவது ஒன்றாவது, அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நானும் எழுந்தேன். அஞ்சலை படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க வேணாங்க" என்றாள். "நீங்க பேசிடுவீங்க."

நான் உட்கார்ந்தேன். கண்டக்டர் விசில் ஊதினார். மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவள் சாலையைக் கடந்து கொல்லைப் பக்கமாக வேகவேகமாக நடந்து போனாள்.